நாலு டன் எருவும் ஒரு மூட்டை யூரியாவும்

ஆனேக்கல் பக்கம் ராகி பெரும்பாலும் மானாவாரிப் பயிர். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு கோடை மழை விழுந்து செம்மண் நெகிழ்ந்ததும், வீட்டுப் புறக்கடையில் ஓராண்டாகச் சேர்ந்த குப்பைமேட்டை வெட்ட ஆரம்பிப்பார்கள். திப்பே என்பார்கள் அதை. மாட்டுவண்டியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ ஏற்றிப் போய், வயல் முழுக்கச் சின்னச் சின்னக் குப்பலாகக் கொட்டி, அடுத்த மழைக்கு முன் மண்வெட்டியால் இறைத்து, உழுது மூடிவிடுவது வழக்கம். ஜூலை, ஆகஸ்டில் விதைப்பு. ராகிக்கு ஊடே அவரை, துவரை, ஆமணக்கு என்று அக்கடிச் சால் போடுவதும் உண்டு. ஆண்டு முடிவதற்குள், பன்னேருகட்டா காட்டு யானைகள் இறங்கி வந்து மேயாமல் விட்ட மட்டும், அறுப்பு. கதிர் வீட்டுக்கு, தாள் மாட்டுக்கு, மாட்டின் சாணி மறுபடியும் திப்பேக்கு.

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் இந்தத் தாலூகாவில் அந்தச் சுற்று இன்று பல இடங்களில் அறுந்துவிட்டது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளும், சர்ஜாபுரம் வரை நீண்டுவிட்ட மனைப்பிரிவுகளும் ராகிக் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. மிச்சமிருக்கும் காட்டுக்காரர் முன்னால் நிற்பது பழைய கேள்விதான்: சாணி எருவை நம்பலாமா, மூட்டை உரமே போதுமா?

கணக்குப் போட்டால் எரு படுதோல்வி அடையும். நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சராசரியாக 0.5 சதவீதம், டன்னுக்கு 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, நாலு டன் எரு சுமந்து கொட்டினால் ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்து கிடைக்கும். அந்த மூட்டை மானிய விலையில் 270 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. நாலு டன் எருவுக்கு ஏற்றுகூலி, இறக்குகூலி, டிராக்டர் வாடகை மட்டுமே அதைப் பலமுறை தாண்டும். யூரியாவை விவசாயி சோம்பலால் தேர்ந்தெடுத்தார் என்று பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் தழைச்சத்தை மட்டும் வைத்து எருவை எடைபோடுவது சரியா? இதற்கான விடை ஆனேக்கல்லிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில், 1978 முதல் வயலிலேயே எழுதப்பட்டுவருகிறது. மானாவாரி ராகியில் நீண்டகால உரச் சோதனை அது. ஒரு பாத்திக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்கு எக்டருக்கு 10 டன் தொழு உரம் மட்டும், ஒன்றுக்கு ரசாயன உரம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும். ஆண்டுகள் போகப்போக, ரசாயன உரம் மட்டுமே கண்ட பாத்தியில் விளைச்சல் இறங்கியது. எருவும் பரிந்துரைத்த ரசாயன உரமும் சேர்ந்த பாத்திதான் மழை நன்றாக இருந்த ஆண்டிலும் பொய்த்த ஆண்டிலும் நிலையாக நின்று முதலிடம் பிடித்தது. அங்ககப் பொருள் குறைந்த செம்மண்ணுக்கு எரு ஈரம் பிடித்து வைக்கிறது, புளிப்பு ஏறாமல் தாங்குகிறது, யூரியா மூட்டையில் இல்லாத சாம்பல்சத்தையும் நுண்ணூட்டங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. நாலு டன்னுக்கு ஒரு மூட்டை என்ற கணக்கில் இவை எதுவும் ஏறுவதில்லை.

இது ராகிக்கு மட்டும் நேர்ந்த அதிசயமல்ல. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய பழைய நிரந்தர உரச் சோதனையும் எருவின் நீண்டகாலப் பலனைத்தான் காட்டியது. உலகின் மிகப் பழைய வயல் சோதனை இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில், லாஸ், கில்பர்ட் இருவரும் 1843-இல் கோதுமையில் தொடங்கியது. அதைவிட வியப்பானது பக்கத்து வயல். அங்கே பார்லி போட்ட ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் எரு வைத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். நூற்றாண்டு கடந்தும் அந்த மண்ணில் கரிமச்சத்து, எருவே காணாத பாத்தியைவிடக் கூடுதலாக இருந்தது. குளிர்நாட்டு மண்ணில் அது சாத்தியம். வெயில் கொளுத்தும் நம் மண்ணில் அங்ககப் பொருள் வேகமாக எரிந்துவிடும். ஆண்டுதோறும் கைவைத்தாக வேண்டும்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு குறள்கள் இந்த விவாதத்தை அன்றே தொட்டுவிடுகின்றன. முதல் குறள், புழுதியை நாலில் ஒரு பங்காகக் காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறது. அடுத்தது, ஏர் ஓட்டுவதைவிட எருவிடுவது நல்லது என்று வேறு பக்கம் திரும்புகிறது. உரை எழுதியவர்கள் இரண்டையும் இணக்கமாகவே படித்தார்கள். ஆனால் ஏதோ ஒரு களத்துமேட்டில் இரண்டு கட்சியும் மோதிக்கொண்டதைக் கேட்டுவிட்டு எழுதியதுபோலத்தான் இருக்கிறது.

சாணி என்றாலே நம் முன்னோர் வயலுக்குத்தான் கொண்டுபோனார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. வடகர்நாடகத்திலும் அதையொட்டிய தெலங்கானாவிலும் புதிய கற்காலச் சாம்பல் மேடுகள் உண்டு. குடித்தினி, உட்னூர், புதிஹாள் என்று பல. பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவி கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட் இவற்றையும் ஆராய்ந்தார். மாட்டுப்பட்டியில் சேர்ந்த சாணியைக் குவித்துக் கொளுத்தியதில் உருவானவை இவை என்பது ஆல்ச்சின் போன்றோரின் அகழாய்வில் உறுதியானது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மக்கள் சாணியை மலையாகக் குவித்துத் தீ வைத்திருக்கிறார்கள், அநேகமாகச் சடங்காக. 1893-இல் இந்திய வேளாண்மை பற்றி அறிக்கை எழுதிய ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், வறட்டியாக எரியும் சாணியைப் பற்றிக் கவலைப்பட்டார். ஆனால் அவர் விவசாயியைக் குறை சொல்லவில்லை. விறகு கிடைக்கும் ஊரில் சாணியை எரிப்பதில்லை என்று கண்டு, விறகுக்கான காடுகளை வளருங்கள் என்று அரசுக்குத்தான் சொன்னார். இன்று சமையல் எரிவாயு வந்து ஆனேக்கல் அடுப்புகளிலிருந்து வறட்டி பெரிதும் போய்விட்டது. மிச்சமான சாணி வயலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

ஏன் என்று பார்க்கும் முன், ஒரு குறுக்கு விவாதத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. எருவே கிலோக்கணக்கில் வேண்டாம், சாணியை நுண்ணுயிர் வித்தாக மட்டும் பயன்படுத்தினால் போதும் என்பது ஒரு தரப்பு. சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தம் அந்த வகை: 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண். ஒரு நாட்டு மாடு 30 ஏக்கருக்குப் போதும் என்பது அவர் கணக்கு. 2000-க்குப் பிறகு கர்நாடக ராஜ்ய ரயத சங்கத்தின் வழியாக இந்த முறை கர்நாடகமெங்கும் பரவியது. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டில் கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யம் வேறொரு கிளை. தெளித்தால் பயிர் செழிப்பதைப் பார்த்த விவசாயிகள் ஏராளம்; அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் 10 கிலோ சாணியில் தழைச்சத்து கிராம்கணக்கில்தான் இருக்கும். ராகி மண்ணிலிருந்து எடுப்பதை அது திருப்பித் தராது. மூடாக்கும் பயறுவகையும் சேர்ந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். 2019-இல் தேசிய வேளாண் அறிவியல் கழகம் இந்த முறைக்கு அரசுப் பணம் செலவிடுவதை எதிர்த்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒரு மாட்டுக்கு 30 ஏக்கர் என்பதை வித்து என்று படித்தால் பொருள் இருக்கிறது. உணவு என்று படித்தால் மண் பட்டினி கிடக்கும்.

மறுகோடிக்கு இலங்கை உதாரணம். 2021-இல் கோட்டாபய ராஜபக்ச அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நாட்டில் அத்தனை எருவும் இல்லை, கொண்டுசேர்க்க வழியும் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த அங்கக உரத்தில் தீங்கான பாக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது வங்கி, வழக்கு, இழப்பீடு என்று இழுத்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலைத் தோட்டங்கள் தவித்தன, நவம்பருக்குள் தடை விலகியது. எருவின் மேல் தவறில்லை. இல்லாத எருவை இருப்பதாக வைத்துக் கொள்கை போட்டதுதான் கோளாறு.

ஆனேக்கல்லில் இருக்கிற எருவுக்கு என்ன ஆகிறது? விஷயத்தின் கரு இங்கேதான். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் போகிறது. சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் அதில்தான். மணிச்சத்து மட்டும் சாணியில் தங்குகிறது. மண்தரைத் தொழுவத்தில் மூத்திரம் தரையில் இறங்கும். சிமென்ட் தரையில் குழாய்த் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். எஞ்சிய சாணியைத் திறந்த திப்பேயில் வீசினால், வெயிலில் அம்மோனியாவாகப் பறந்தும் மழையில் கரைந்தும், இருந்த தழைச்சத்தில் பாதியளவுகூடப் போய்விடும். குப்பைமேட்டுப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் அந்தக் காரநெடி விவசாயியின் யூரியாதான்.

தடுப்பது எப்படி என்பதும் புதிய செய்தியல்ல. வேளாண் பாடநூலில் வரும் குழி முறை இப்படி: 6 முதல் 7.5 மீட்டர் நீளம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் குழி. இரவில் மாட்டின் கீழ் கழிவுத் தாள், சருகு, மண் கலந்து பரப்பிவிட வேண்டும். காலையில் மூத்திரம் ஊறிய அந்தப் படுக்கையைச் சாணியோடு வாரி, குழியின் ஒரு முனையிலிருந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி எழும்பியதும் கூம்பாக்கிச் சாணிச் சேறு பூசி மூடினால், நாலைந்து மாதத்தில் எரு தயார். இப்படிச் செய்தால் மாட்டுக்கு ஆண்டுக்கு 5 முதல் 6 டன் எரு கிடைக்கும் என்கிறது பாடநூல். வெறும் சாணியை மட்டும் குவித்தால், நாளுக்கு 10 கிலோ என்று வைத்தாலும் ஆண்டுக்கு மூன்றரை டன் பச்சைச் சாணி; மக்கியபின் அதில் பாதிதான் மிஞ்சும். ஜி.கே.வி.கே. பாத்தியின் அளவு ஏக்கருக்கு 4 டன். அதே மாடு ஒரு முறையில் ஒரு ஏக்கரைத் தாங்குகிறது, இன்னொரு முறையில் அரை ஏக்கருக்கும் எட்டவில்லை.

பெங்களூருக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களில் மூத்திரம் ஊறிய மண்ணையும் சாணியையும் கழிவையும் அடுக்கி, புரட்டிப்போட்டு மட்கவைக்கும் முறையை வகுத்தார். புரட்ட ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், புரட்டும்போது தழைச்சத்தும் ஆவியாகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆசார்யா 1930-களின் இறுதியில் அதற்கு மாற்று கண்டார்: குழியை அடுக்கி நிரப்பிச் சேறு பூசி மூடி, புரட்டாமல் ஆறேழு மாதம் விட்டுவிடுவது. உலகெங்கும் உரப் புத்தகங்களில் அது இன்றும் பெங்களூரு முறை என்றே அறியப்படுகிறது. நகரக் குப்பைக்கும் மலக்கழிவுக்குமாக உருவானது என்றாலும், ஆள்கூலி ஏறிப்போன இன்றைய ஆனேக்கல் தொழுவத்துக்கு ஹோவர்டைவிட ஆசார்யாவே பொருத்தம்.

இன்னொரு வழி மண்புழு. ஜி.கே.வி.கே.யில் ராதா காலே ஆப்பிரிக்க மண்புழுவை வைத்து மண்புழு உரத்தைப் பரப்பினார். சென்னையில் சுல்தான் அகமது இஸ்மாயில் நாட்டு மண்புழுக்களே போதும் என்று வாதிட்டார். இருவர் வழியிலும் மூலப்பொருள் சாணிதான். மாடித்தோட்டத்துக்கும் ரோஜாத் தொட்டிக்கும் மண்புழு உரம் அருமை. ஏக்கர்கணக்கான ராகிக்கு அதைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாது.

எருவுக்கும் அதன் குற்றங்கள் உண்டு; எருப் பிரியர்கள் அவற்றைப் பேசுவதில்லை. அரைகுறையாக மக்கிய குப்பையை வெட்டினால் கட்டைவிரல் பருமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு உருளும். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் பிள்ளை அது. மெட்டாரைசியம் பூஞ்சையை எருக்குழியில் கலக்கச் சொல்வது அதற்காகத்தான். மாடு தின்ற களைவிதை பச்சைச் சாணியோடு வயலுக்கு வந்து முளைக்கும். குழி சூடேறி மக்கினால்தான் சாகும். கோழி எரு தழைச்சத்தில் மாட்டெருவைப் போல ஐந்தாறு மடங்கு, ஆனால் பச்சையாகப் போட்டால் வேர் கருகும், ஈ மொய்க்கும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது கீரை, கொத்தமல்லி. பெங்களூரு சந்தைக்குப் போகும் இவற்றை நாம் வேகவைக்காமலும் தின்கிறோம். மண் தொடும் விளைபொருளுக்குப் பச்சைச் சாணி போட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நாற்பதே நாளில் அறுக்கும் கொத்தமல்லிக்கு இதன் பொருள், பச்சைச் சாணியே கூடாது என்பது.

மூத்திரமும் வீணாகாமல், சுமைகூலியும் இல்லாமல் எருவிடும் ஒரே முறை கிடை. அறுத்த காட்டில் இரவு முழுக்க ஆட்டை மறித்துப் போட்டால், புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே மண்ணில் சேரும். ராமநாதபுரத்துக் கீதாரிகள் தஞ்சைப் பக்கம் போய்க் கிடை போடுவதும், தக்காணத்துக் குருபர்கள் மந்தை ஓட்டிப் போவதும் இந்தக் கணக்கில்தான். காட்டுக்காரர் இரவுக்கு இவ்வளவு என்று பணமோ தானியமோ கொடுப்பார். ஆனால் மந்தை நடக்க வழி வேண்டும். ஓசூர் சாலையின் ஆறுவழிப் போக்குவரத்துக்கும் கம்பிவேலி போட்ட மனைகளுக்கும் நடுவில் ஆட்டைப் பத்திக்கொண்டு போவது லேசான காரியமல்ல.

மாடும் முன்பு போல் மேய்வதில்லை. கர்நாடக நில வருவாய் விதிகளின்படி 100 மாட்டுக்கு 12 எக்டர் வீதம் கோமாளம், அதாவது மேய்ச்சல் புறம்போக்கு ஒதுக்க வேண்டும். நகரம் நெருங்கும் ஊரில் அந்த நிலத்துக்கு எத்தனை கண்கள் என்று சொல்லத் தேவையில்லை. உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தது. ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவில் நூறடிக்கு மேல் உயர்ந்த தேர்களை ஒருகாலத்தில் ஜோடி ஜோடியாகக் காளைகள் இழுத்தன. இப்போது டிராக்டரும் ஜே.சி.பி.யும் கைகொடுக்கின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நாட்டு மாடு 2012-ஐவிட 6 சதவீதம் குறைந்தது, கலப்பினம் 27 சதவீதம் கூடியது. பால் சங்கத்துக்கு ஊற்றும் வீட்டில் நிற்பது கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு. அது நாட்டு மாட்டைவிட நிறையவே சாணி போடும். ஆனால் வயல் ஓரிடம், கொட்டகை ஓரிடம். நிலமே இல்லாமல் தீவனம் வாங்கிப் பால் கறக்கும் வீடுகளும் உண்டு. ஒரு தெருவில் சாணி தொல்லையாகக் கிடக்கிறது, நாலு மைல் தள்ளி மண் எருவுக்கு ஏங்குகிறது.

சாணிக்கு ஊரே கூடிய ஒரு வேடிக்கை மாநில எல்லையில் இன்னும் நடக்கிறது. தாளவாடி அருகே கும்டாபுரத்தில், தீபாவளிக்கு அடுத்த மூன்றாம் நாளில் பீரேஸ்வரர் கோயிலை ஒட்டி, வீடுவீடாகச் சேகரித்த சாணியை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, ஒருவர்மேல் ஒருவர் உருட்டி அடித்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் அதையே அள்ளிப் போய் வயலில் போட்டால் விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. சாணியை வீடுவீடாகத் திரட்டி, ஓரிடத்தில் குவித்து, நிலமுள்ளவர்களுக்குப் பங்கிடும் அந்த ஏற்பாட்டைப் பஞ்சாயத்து அலுவலகம் செய்யப் போனால் எத்தனை கோப்பு நகர வேண்டுமோ!

அரசுகள் முயலாமல் இல்லை. சத்தீஸ்கரில் 2020-இல் தொடங்கிய கோதன் நியாய் திட்டம் சாணியைக் கிலோ 2 ரூபாய்க்கு வாங்கி, மகளிர் குழுக்கள் மூலம் மண்புழு உரமாக்கி விற்றது. நிலமற்ற மாட்டுக்காரருக்குக் கையில் காசு கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் பச்சைச் சாணியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். தண்ணீரை எடைபோட்டு வாங்கிச் சுமந்த திட்டம் அரசுப் பணத்தையே நம்பி நிற்க வேண்டியிருந்தது. ஒன்றிய அரசு 2023-இல் சாண எரிவாயு ஆலைகளில் மிஞ்சும் அங்கக உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் விற்பனை உதவி அறிவித்தது. நல்லதுதான், ஆனால் அது ஆலையிலிருந்து வெளியேறும் சரக்குக்கு. இரண்டு பசு வைத்து, தன் அரை ஏக்கருக்குத் தானே எரு போடும் வீட்டுக்கு அதில் பங்கில்லை.

அந்த வீட்டுக்கு வேண்டியவை சில்லறைச் செலவுகள்: சரிவான தரை, மூத்திரம் சேர ஒரு தொட்டி, குழிக்கு மேல் ஒரு தகரக் கூரை, ஆண்டுக்கு ஒருமுறை டிராக்டர் வாடகை. முதல் இரண்டுக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தின் மாட்டுக்கொட்டகைப் பணியில் இடம் இருந்தது; மட்கு உரத் தொட்டிக்கும் இருந்தது. ஆனால் அது கிராமப் பஞ்சாயத்துகளுக்கு மட்டுமான திட்டம். ஹெப்பகோடி, சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி எல்லாம் இப்போது நகராட்சி, பேரூராட்சி. எல்லைக்கோடு மாறியது, மாடு அதே இடத்தில் நிற்கிறது. நகராட்சிக் கணக்கில் அதன் சாணி திடக்கழிவு, கொட்டகை கழுவிய நீர் கழிவுநீர். அது தெருச் சாக்கடை வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்கிறது, மண்ணில் சேர வேண்டிய தழைச்சத்து அங்கே ஆகாயத்தாமரையை வளர்க்கிறது.